‘பர்டன்’ படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பர்டன்’ என்ற அமெரிக்கப் படத்தை நண்பர்கள் வீட்டிலும் சபை வாலிபர் கூட்டத்திலும் சில தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கதை முழுவதும் வெளியே வந்துவிடும் என்பதால், முதலில் படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கதை என்ன?

1996. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிற்றூர். ஊர் நடுவே, நீதிமன்றச் சதுக்கத்தை ஒட்டி, படம் ஓடாமல் கிடந்த ஒரு பழைய சினிமா கொட்டகை. ஒரு கூட்டம் அதைத் தூசி தட்டிச் செப்பனிட்டுக் கடை திறக்கிறது. விற்பனைக்கு இருப்பவை கூ கிளக்ஸ் கிளான் (கறுப்பர்களை மிரட்டியும் கொன்றும் வந்த வெள்ளை இனவெறி அமைப்பு) அங்கிகள், அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் உள்நாட்டுப் போரில் ஏந்திய தென்னகக் கொடிகள், கறுப்பர்களை இழிவுபடுத்தும் வாசகம் போட்ட பொருட்கள். பின்கட்டில் கிளானுக்கு ஒரு அருங்காட்சியகம் வேறு.

அந்தக் கொட்டகையைச் சீர்செய்ய உழைத்தவர்களில் ஒருவர் மைக் பர்டன். கடன் கட்டாதவர்கள் வீட்டிலிருந்து டிவி, சோபா என்று தூக்கிவருவது அவர் தொழில். கிளான் தலைவர்தான் அவருக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவர். கடைக்கு எதிராகத் தெருவில் நின்று போராடுபவர் கறுப்பினப் போதகர் டேவிட் கென்னடி. இதற்கிடையில் மைக்குக்கு ஜூடி என்ற பெண்ணோடு காதல் வருகிறது. ஜூடி மகனைத் தனியாக வளர்ப்பவர். கிளானா நானா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார். மைக் கிளானை விடுகிறார். விட்ட கையோடு வேலை போகிறது, வீடு போகிறது, பழைய கூட்டாளிகள் எதிரிகளாகிறார்கள். நடுத்தெருவுக்கு வந்துவிட்ட அந்தக் குடும்பத்துக்குக் கதவைத் திறப்பவர் கென்னடி. மைக் ஒரு காலத்தில் துப்பாக்கியால் குறிபார்த்த அதே மனிதர்.

நிஜமாகவே நடந்ததா, இல்லை ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று சும்மா போட்டதா?

நடந்ததுதான். கதையின் நம்ப முடியாத பகுதி எதுவோ, அதுதான் பத்திரப் பதிவில் இருக்கிறது.

ஊர், கொட்டகை, கடை எல்லாம் உண்மை. கொட்டகையின் பெயர் ‘எக்கோ’. கடையின் பெயர் ‘ரெட்நெக் ஷாப்’. ரெட்நெக் என்றால் வெயிலில் உழைத்துக் கழுத்து சிவந்த ஏழை வெள்ளையர் என்று பொருள். ஏளனமாகச் சொல்லப்பட்ட பெயரையே சிலர் பெருமையாகவும் மாட்டிக்கொண்டார்கள். கடையை நடத்தியவர் ஜான் ஹோவர்ட், கிளானில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். படத்தில் டாம் கிரிஃபின் என்று வருபவருக்கு அவரே மூலம். மைக்கேல் பர்டன், டேவிட் கென்னடி இருவரும் சொந்தப் பெயரிலேயே படத்தில் வருகிறார்கள்.

கடை 1996 மார்ச்சில் திறந்தது. சீக்கிரமே வெளியூர்க்காரர் ஒருவர் ஆத்திரத்தில் தன் வேனை ஓட்டிவந்து கடை முகப்பில் மோதினார். பர்டன் மேல் ஹோவர்டுக்கு இருந்த நம்பிக்கையில் கட்டடமே பர்டன் பெயருக்கு வந்தது. கிளானை விட்டு வந்த பர்டன், குடும்பத்தோடு பட்டினி கிடக்கும் நிலைக்கு வந்தார். சாப்பாடும் தங்க இடமும் ஏற்பாடு செய்தது கென்னடியும் அவருடைய சபையும். 1997-ல் பர்டன் அந்தக் கட்டடத்தைக் கென்னடியின் சபைக்கு விற்றார். விலை 1,000 டாலர். கென்னடியைக் கொல்ல நினைத்திருந்ததைப் பிற்பாடு பர்டனே ஒப்புக்கொண்டார்.

தமிழில் இதை எழுதும்போது ஒரு சங்கடம். கிளான் அங்கி போட்டிருந்தவரை ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா? முதல் பாதிக்கு ‘அவன்’, மனம் மாறியபின் ‘அவர்’ என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் கென்னடி மனிதர் மாறிய பிறகு மரியாதை கொடுத்தவர் இல்லை, முதலிலேயே கொடுத்துவிட்டவர். அதனால் நானும் முதலிலிருந்தே ‘அவர்’ என்று போட்டுவிட்டேன்.

பொது இடத்தில் கிளான் கடையா? அரசாங்கம் எப்படி விட்டது?

நம் ஆட்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் வெறுப்புப் பேச்சையும் பெரும்பாலும் பாதுகாக்கிறது. 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது ஒரு கிளான் தலைவரின் பேச்சுரிமையைத்தான். உடனடி வன்முறையைத் தூண்டினால்தான் தண்டிக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பு. கிளான்காரர்களின் வழக்கப்படி, மிரட்டும் நோக்கத்தோடு சிலுவையைக் கொளுத்துவதைத் தடை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது 2003-ல்தான். ஆக, அங்கி விற்பதையோ கொடி விற்பதையோ சட்டத்தைக் காட்டி நிறுத்த வழியில்லை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். தெற்கு கரோலினாவின் சட்டமன்றக் கட்டடத்து உச்சியிலேயே அப்போது தென்னகக் கொடி பறந்துகொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கி வளாகத்துக்குள் வேறிடத்தில் நட்டது 2000-ல். அங்கிருந்தும் எடுத்தது 2015 ஜூலை 10-ல். கறுப்பினத் தேவாலயங்கள் தென் மாநிலங்களில் வரிசையாகத் தீக்கு இரையானதும் அதே காலத்தில்தான். 1996-ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. ஊரின் பெயருக்கும் வரலாறு உண்டு: லாரன்ஸ் வட்டாரம் ஹென்றி லாரன்ஸின் பெயரைத் தாங்கியது. சுதந்திரப் போர்க்காலத் தலைவர்களில் ஒருவரான அவர், அதற்கு முன் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமை வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்தவர்.

கொட்டகைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, எனக்குப் பிடித்த கேள்வி இது. எக்கோ, இனப் பாகுபாட்டுக் காலத்துக் கொட்டகை. வெள்ளையருக்குக் கீழே இருக்கை, கறுப்பருக்கு மாடி. கென்னடி அந்த ஊரிலேயே வளர்ந்தவர். இன்னொன்றும் உண்டு. 1860-களில் டென்னசியில் தோன்றிய முதல் கிளான் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது. அது 1915-ல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டன் மலை உச்சியில் மறுபடி உயிர்பெற்றபோது, அதற்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு சினிமா. கிளான்காரர்களை வீரர்களாகக் காட்டி அந்த ஆண்டு வெளிவந்த ‘தி பெர்த் ஆஃப் எ நேஷன்’. சினிமா எழுப்பிவிட்ட பேய் 80 ஆண்டு கழித்து ஒரு சினிமா கொட்டகையிலேயே குடியேறியது. கடைசியில் அந்தக் கதையைச் சொல்லவும் ஒரு சினிமா வந்தது.

யார் எடுத்தது? யார் யார் நடித்திருக்கிறார்கள்?

எழுதி இயக்கியவர் ஆண்ட்ரூ ஹெக்லர். அவருக்கு இது முதல் படம். பர்டனாக காரெட் ஹெட்லண்ட், போதகர் கென்னடியாக ஃபாரஸ்ட் விட்டேக்கர், ஜூடியாக ஆண்ட்ரியா ரைஸ்பரோ, கிளான் தலைவராக டாம் வில்கின்சன். பாடகர் அஷர், மைக்கின் பால்ய நண்பர் கிளாரன்ஸாக வருகிறார். 2018 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்கக் கதைப்படப் பிரிவில் பார்வையாளர் விருது வாங்கியது. தியேட்டருக்கு வந்ததோ 2020 பிப்ரவரி 28. இரண்டு மூன்று வாரத்தில் கொரோனாவால் தியேட்டர்களே மூடிவிட்டன. பலர் இந்தப் படத்தைக் கேள்விப்படாததற்கு அதுதான் காரணம்.

வில்கின்சனைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லன் என்றால் உறுமவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பாசமான பெரியப்பா மாதிரி இருக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது. வீடில்லாத பையனுக்கு வீடும், அப்பா இல்லாத பையனுக்கு அப்பாவும் கிளானில் கிடைத்தார்கள் என்றால், வெறுப்பு மட்டும் அவனை அங்கே பிடித்துவைக்கவில்லை என்று புரிகிறது.

இதைக் கிறிஸ்தவப் படம் என்று சொல்லலாமா?

கதையின் அச்சு விசுவாசம்தான். போதகர் ஜெபிக்கிறார், பிரசங்கிக்கிறார், வேதம் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்து பார்க்கிறார். ஆனால் சபைகளுக்கென்று எடுக்கப்படும் படங்களின் வார்ப்பு இதில் இல்லை. கெட்ட வார்த்தை உண்டு, ரத்தம் உண்டு, ஜெபித்த உடனே எதுவும் சரியாகிவிடுவதில்லை. அதனாலேயே இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டார்கள். பக்திப் படம் எதிர்பார்த்தவர்களுக்கு இது கரடுமுரடு. கரடுமுரடை எதிர்பார்த்தவர்களுக்கு இதில் பிரசங்கம் அதிகம். எனக்கு அந்த இடைப்பட்ட தன்மைதான் பிடித்தது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் போகலாம். அடிதடிக் காட்சிகள் கடுமையானவை. கறுப்பர்களைக் குறிக்கும் அந்த வசைச்சொல் படம் முழுக்க வருகிறது. மேல்நிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகள் என்றால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தன்னைக் கொல்ல வந்தவருக்கு எப்படிச் சோறு போட முடியும்? கென்னடிக்குக் கோபமே வரவில்லையா?

வந்தது. வராமலிருக்க அவர் கல் இல்லை. 1913-ல் லாரன்ஸில் ரிச்சர்ட் பக்கெட் என்ற கறுப்பரை வெள்ளைக் கும்பல் ரயில் பாலத்தில் தூக்கிலிட்டது. அவர் கென்னடிக்கு முந்தைய தலைமுறை உறவினர். தொங்கவிட்ட கயிறு பல பத்தாண்டுகள் அந்தப் பாலத்தில் அப்படியே கிடந்தது. சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, கிளான் அங்கி என்பது அருங்காட்சியகப் பொருள் இல்லை.

விட்டேக்கர் இதை நன்றாகப் பிடித்திருக்கிறார். உதவி செய்யும்போதும் அவர் முகம் மலர்ந்திருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற மாதிரி இருக்கும். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம்: “உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு.” சத்துருவை நேசிக்கும் உணர்ச்சி முதலில் உனக்குள் ஊறட்டும் என்று அது காத்திருக்கச் சொல்லவில்லை. பசிக்கிறதா, போடு. அவ்வளவுதான். கென்னடி செய்தது அதைத்தான். மனசு வருகிறதோ இல்லையோ, தட்டு வைத்தார்.

நான் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். இங்கே மன்னிப்பு என்பது சாப்பாட்டுச் செலவு, படுக்கை, வாடகை, அப்புறம் ஒரு பத்திரம். கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடிக்கும் காட்சியை விட அதுதான் கனமானது. படத்தில் அந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். போதகரின் மனைவிக்கும் மகனுக்கும் இதில் சம்மதமில்லை. வீட்டுக்குள் கிளான்காரரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அடுப்படியில் நிற்பவர் யார்? அவர்களுடைய முகங்களில் கேமரா இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஒரு மனிதர் மன்னிக்க முடிவெடுக்கிறார், வீடே அதற்கு விலை கொடுக்கிறது. படம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

படத்தின் பெயர் ‘சுமை’ என்ற பொருளில் வைத்ததா?

பர்டன் என்பது அவர் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சுமை என்று பொருள். இப்படி ஒரு பெயர் வாய்த்தால் எந்த இயக்குநர்தான் விடுவார்! ஆனால் யாருடைய சுமை என்று படம் முடியும்போது யோசித்தால், பெயர் மைக்குடையது, சுமந்தவர் கென்னடி.

கட்டடம் சபைக்கு வந்ததும் கடையை மூடிவிட்டார்களா?

இல்லை. படத்தை விட சுவாரசியமான பகுதி இதுதான் என்பேன், சினிமாவுக்குத் தோதுப்படாத பகுதியும் இதுதான்.

பர்டன் விற்ற கட்டடத்தில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஹோவர்ட் உயிரோடு இருக்கும்வரை அங்கே கடை நடத்திக்கொள்ளலாம் என்பது அது. ஆக, 1997-லிருந்து லாரன்ஸில் ஒரு விசித்திரம்: கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் கறுப்பினச் சபையார், உள்ளே கிளான் அங்கி விற்பனை. சபைக்குப் பெயர் ‘நியூ பிகினிங்’, புதிய தொடக்கம். சொந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியாமல் அந்தப் புதிய தொடக்கம் பல ஆண்டுகள் வெளியே நின்றது.

2008-ல் சபை வழக்குப் போட்டது. 2011 முடிந்து 2012 பிறக்கும் சமயத்தில், கட்டடம் சபைக்கே சொந்தம் என்ற தீர்ப்பு செய்தியானது. அதன்பின் 2012-ல் கடை மூடப்பட்டது. ஹோவர்ட் 2017-ல் காலமானார். கணக்குப் போட்டால், மன்னித்ததற்கும் கதவு திறந்ததற்கும் நடுவில் 15 ஆண்டுகள். படம் இரண்டு மணி நேரத்தில் நம்மை அழவைத்து அனுப்பிவிடுகிறது. கென்னடி அதற்குப் பிறகும் வக்கீல், வாய்தா என்று அலைந்துகொண்டிருந்தார்.

“மன்னித்துவிட்டு வழக்கா?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கோபமாகவே கேட்டார். மன்னித்தது பர்டனை. வழக்குப் போட்டது கட்டடத்துக்காக. மன்னித்த காரணத்தால் ஊர் நடுவே அந்தக் கடை இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல கென்னடிக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அந்தக் கடையின் முன்னால் நடந்து போக வேண்டியிருந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

கிளானின் கட்டடம் கறுப்பர் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 1981-ல் அலபாமாவின் மொபீல் நகரில் மைக்கேல் டொனால்ட் என்ற 19 வயது இளைஞரைக் கிளான்காரர்கள் கொன்று மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவருடைய தாய் பியூலா மே டொனால்ட், ‘யுனைடெட் கிளான்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற அமைப்பின் மேலேயே வழக்குத் தொடுத்தார். 1987-ல் 70 லட்சம் டாலர் நஷ்டஈடு தீர்ப்பானது. அந்த அமைப்பிடம் அவ்வளவு பணம் கிடையாது. இருந்த சொத்து டஸ்கலூசாவில் இருந்த தலைமையகக் கட்டடம், அதன் பத்திரம் அந்தத் தாயின் கைக்கு வந்தது.

இந்த வழக்கில் ஒரு நிமிஷம் உண்டு. கொலையாளிகளில் ஒருவர் விசாரணையின்போது அழுது அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், மன்னித்துவிட்டேன் என்றார். வழக்கை வாபஸ் வாங்கவில்லை. மன்னிப்பு ஒரு கையில், தீர்ப்பு மறு கையில். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

லாரன்ஸ் இருக்கும் அதே தெற்கு கரோலினாவில், 1995-ல் மாசிடோனியா பாப்டிஸ்ட் தேவாலயம் எரிக்கப்பட்டதற்கு, 1998-ல் ஜூரி ஒரு கிளான் அமைப்பின் மேல் 3 கோடியே 78 லட்சம் டாலர் விதித்தது. பிறகு தொகை குறைக்கப்பட்டது, அந்த அமைப்பு தலைதூக்கவில்லை. பர்டன் கதையைத் தனியாகப் பார்த்தால், அன்பு ஒன்றே கிளானை வென்றது என்று தோன்றும். உண்மையில் சோற்றுத் தட்டும் வேலை செய்தது, கோர்ட்டும் வேலை செய்தது.

வெள்ளையரை நாயகனாக்கி, கறுப்பரை அவருக்கு உதவும் பாத்திரமாக ஆக்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்களே?

அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. படத்தின் தலைப்பு, தொடக்கம், அதிக நேரம் எல்லாம் மைக்குக்கே. கென்னடி எப்படிப்பட்டவர், ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஒதுக்கிய நேரம் குறைவு. இந்த வகைப் படங்களில் ஒரு வழக்கம் வேரோடிவிட்டது: தப்பு செய்த வெள்ளையர் மாறுவார், அவரை மாற்றுவதற்காகவே ஒரு கறுப்பர் எல்லையில்லாப் பொறுமையோடு காத்திருப்பார். ‘பர்டன்’ அந்த வழக்கத்திலிருந்து முழுதாகத் தப்பவில்லை.

எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். மைக் மாறும் விதத்தில் படம் பொய் சொல்லவில்லை. ஒரே இரவில் ஞானம் பிறப்பதாகக் காட்டவில்லை. முதலில் அவர் கிளானை விடுவது காதலுக்காக, கொள்கைக்காக இல்லை. வெளியே வந்த பிறகும் பழைய பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தான் என்ன செய்திருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் உறைக்கிறது. மனந்திரும்புதலை இப்படிக் காட்டிய படங்கள் குறைவு.

மன்னிப்பும் ஒப்புரவும் ஒன்றுதானே?

தமிழ் வேதாகமத்தில் பழகியவர்களுக்கு ஒப்புரவு என்றால் பகை தீர்ந்து சேர்வது: “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி” என்கிறது மலைப்பிரசங்கம். குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்ற அதிகாரத்துக்குப் போனால் பொருள் வேறு, ஊருக்குப் பயன்படும்படி வாழ்வது. கென்னடி கதையில் இரண்டு பொருளும் ஒன்றாக வந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வித்தியாசம் எளிதானது. மன்னிக்க ஒருவர் போதும். ஒப்புரவாக இரண்டு பேரும் வரவேண்டும், வருவதற்கு முன் உண்மை வெளியே வரவேண்டும். ரெட்நெக் ஷாப் திறந்த அடுத்த மாதம், 1996 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில், நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களுக்கான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகள் தொடங்கின. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமை. செய்த குற்றத்தை முழுமையாகச் சொல்பவருக்குப் பொதுமன்னிப்பு உண்டு, ஆனால் குற்றம் அரசியல் நோக்கம் கொண்டதாக இருக்கவேண்டும். வருத்தப்பட்டே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 7,000-க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 849 பேருக்கு. உண்மையைச் சொல்வது அங்கே விலை, மன்னிப்பு சரக்கு. லாரன்ஸில் கென்னடி விலையே கேட்காமல் கொடுத்தார். எது சரி என்று கேட்டால், ஒரு நாட்டுக்குச் சரியானதும் ஒரு போதகருக்குச் சரியானதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

விட்டேக்கர் ‘தி ஃபர்கிவன்’ (2017) படத்தில் அதே டுட்டுவாகவும் நடித்திருக்கிறார். அடுத்தடுத்து இரண்டு போதகர்கள்! ஆனால் டுட்டுவின் துருதுருப்பு வேறு, கென்னடியின் இறுக்கம் வேறு.

இந்த வகையில் வேறு என்ன பார்க்கலாம்?

ஒன்றே ஒன்று என்றால் ‘இமானுவேல்’ (2019). ஆவணப்படம், தெற்கு கரோலினா கதைதான். 2015 ஜூன் 17 இரவு, சார்ல்ஸ்டனின் இமானுவேல் ஏ.எம்.இ. என்ற கறுப்பினத் தேவாலயத்தில் வேதபாடத்துக்குக் கூடியிருந்த 9 பேரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். சுடுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வந்தவனுக்கு இடம் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். இரண்டே நாளில், ஜாமீன் விசாரணையில், பலியானவர்களின் குடும்பத்தார் சிலர் அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். நாடே நெகிழ்ந்தது. அதே சமயம், கறுப்பர்கள் சாகும்போதெல்லாம் உடனே மன்னிப்பை எதிர்பார்க்கிறீர்களே என்ற கேள்வியும் எழுந்தது. மன்னிக்க மனம் வராத குடும்பத்தாரும் இருந்தார்கள். அவர்களைக் குறைந்த விசுவாசிகள் என்று யார் சொல்வது? (இங்கே மட்டும் ‘அவன்’ என்று எழுதிவிட்டேன். மாற்றப் பார்த்தேன், கை வரவில்லை.)

‘தி கிரேஸ் கார்டு’ (2010) மெம்பிஸ் நகரச் சபையினர் குறைந்த செலவில் எடுத்தது. ஒரு கறுப்பர், ஒரு வெள்ளையர், இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே வண்டியில். நல்ல எண்ணம் நிறைய, நடிப்பு ஏற்ற இறக்கம். லூயிஸ் காசெட் ஜூனியர் வரும் இடங்கள் நன்றாக இருக்கும். ‘வுட்லான்’ (2015) பள்ளி அமெரிக்கக் கால்பந்தை வைத்து 1973 பர்மிங்ஹாமைச் சொல்கிறது; விளையாட்டுப் படம் பிடிப்பவர்களுக்கு. ‘தி பெஸ்ட் ஆஃப் எனிமீஸ்’ (2019) ‘பர்டனு’க்கு நெருங்கிய உறவு: 1971-ல் டர்ஹாம் நகரில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்ப்பது பற்றிய கூட்டங்களுக்குக் கிளான் தலைவர் சி.பி. எல்லிஸும் கறுப்பினப் போராளி ஆன் அட்வாட்டரும் கூட்டுத் தலைவர்களாக உட்காரவேண்டி வந்த கதை. ஆன் அட்வாட்டர் வரும் காட்சிகளில் பொறுமை என்ற பேச்சே கிடையாது, கத்துகிறார், மேஜையைத் தட்டுகிறார். ‘பர்டன்’ பார்த்த மறுநாள் இதைப் பார்த்தால் நல்ல மாற்றாக இருக்கும்.

கூட்டமாகப் போட்டுக் காட்டினால் பிறகு என்ன பேசலாம்?

“நீங்கள் கென்னடி இடத்தில் இருந்தால்?” என்று மட்டும் தொடங்காதீர்கள். எல்லாரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லி, பத்து நிமிஷத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். “நீங்கள் கென்னடியின் மகனாக இருந்து, உங்கள் அறையை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னால்?” என்று கேளுங்கள். ஒரு தடவை கேட்டேன். ப்ளஸ் டூ பையன் ஒருவன் எழுந்து, “குடுப்பேன் அண்ணா, ஆனா அப்பாகிட்ட ஒரு மாசம் பேசமாட்டேன்” என்றான். அன்றைக்குக் கூட்டம் முடிய ராத்திரி பத்தரை ஆகிவிட்டது.

எக்கோ கொட்டகை இப்போது?

சபையிடம்தான். கடையும் கிளான் அருங்காட்சியகமும் போய்விட்டன. பல ஆண்டு கவனிப்பில்லாமல் கிடந்த பழைய கட்டடம், கூரையிலிருந்து வேலை இருந்தது. அதை இன நல்லிணக்கத்துக்கான இடமாக மாற்ற வேண்டும் என்பது கென்னடியின் எண்ணம். அதற்காக ‘எக்கோ ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கி நிதி திரட்டினார்கள். 1,000 டாலருக்கு வாங்கியதைச் செப்பனிட அதைவிடப் பல மடங்கு வேண்டும்.